டிராஃப்டும் என் முழங்காலும்

மணிலா, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் ஜுனெல் வணக்கத்தோடு எழுதுவது. இருமல் குறைஞ்சுதா? நான் சுகம்.

கூடைப்பந்து லீக் அணிகள் புது ஆட்டக்காரங்களை எடுக்கிற டிராஃப்டில் என் பேரும் வந்துடுச்சு! நடுவுல ஒரு சின்ன வேடிக்கை. "ஒரு அணி உனக்கு வாக்குக் கொடுத்திருக்கு, வேற யாருக்கும் ஆடிக் காட்டாதே"ன்னார் எனக்காக அணிகளோட பேசுற ஏஜென்ட் ரொமுலோ. எழுதிக் கொடுத்தாங்களான்னு கேட்டா சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை. அவருக்குத் தெரியாம வேற அணியின் பயிற்சிக்குப் போனேன். அந்த அணியோட கோச் பலாசியோ என் காலையே பார்த்தார்.

"ஏம்பா, உன் முழங்கால் போயிடுச்சுன்னு உன் ஏஜென்ட் சொன்னாரே?"

"அது அவர் காலா இருக்கும் சார்"னேன். ஓடவிட்டுப் பார்த்தார்.

டிராஃப்ட் அன்னிக்கு, எனக்கு வாக்குக் கொடுத்ததா அவர் சொன்ன அணி ரொமுலோவோட இன்னொரு ஆட்டக்காரனை எடுத்துச்சு. அவனுக்கு வழிவிடத்தான் எல்லா அணிகிட்டயும் வாயாலேயே என் காலை உடைச்சிருக்கார்! கடைசிச் சுற்றில் பலாசியோ என்னை எடுத்தார்.

ரொமுலோ போன் பண்ணினா எதுக்கும் சரின்னு சொல்லிடாதீங்க. கருவாடும் என் பழைய போர்வையும் அனுப்புங்க. அறையில நான் மட்டும்தான், ஏசி ரொம்பக் குளிருது.

பயிற்சிக்குப் போற பஸ் வந்துடுச்சும்மா. ஜெர்சி கொடுத்திருக்காங்க. திரும்பக் கேட்டுடுவாங்களோன்னு அதைப் போட்டுக்கிட்டேதான் தூங்குறேன்.

உங்கள் ஜுனெல்