ஓநாயும் குப்பனும்

கூப்பிட்டதும் திரும்பாத என் நைனாவுக்கு,

அம்மா சோற்றைப் போட்டுவிட்டு ஒருமுறை கூப்பிடுவாள். நீ அசையமாட்டாய். மறுபடி கூப்பிட்டால்தான் "இன்னா?" என்று தலையைத் திருப்புவாய். "செவிட்டு மனுசனக் கட்டிக்கினு நான் படற பாடு!" என்று அவள் கத்துவாள். எனக்கும் எரிச்சல்தான் வரும். ஒருநாளாவது கேட்டேனா, ஏன் நைனா இப்படி என்று?

திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக்காரர்களின் செத்துப்போன பாட்டன்களைத் தேடுகிறேன் என்றால் நீ சிரிப்பாய். இன்னும் அதே வேலைதான். செர்பியாவிலிருந்து பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் வம்சத்தைத் தேடித் தரச் சொல்கிறார்கள். அந்த ஊர் சர்ச்சுகளின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் படித்து, குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று எழுதி அனுப்புவேன்.

போன மாதம் வூக்கோவிச் என்று ஒரு குடும்பம் வந்தது. வூக்கின் பிள்ளைகள் என்று பொருள். வூக் என்றால் ஓநாய். பெற்ற பிள்ளைக்கு யாராவது ஓநாய் என்று பெயர் வைப்பார்களா? அந்த வூக்குக்கு முன்னால் பிறந்தவர்களைத் தேடினேன். எல்லாம் தொட்டிலிலேயே செத்திருந்தன. பிள்ளைகள் தங்காத வீட்டில், சூனியக்காரி கிட்டே வரப் பயப்படட்டும் என்று வைக்கிற பெயராம் அது.

படித்ததும் உன் நினைவுதான் வந்தது, நைனா. உன் பெயர் குப்பன். ஆம்பிளையான உன் மூக்கில் தூர்ந்துபோன ஒரு துளை. நானோ, நீ போன பிறகு இரண்டு பிள்ளைகளைப் பெற்றுப் பறிகொடுத்தவள். மூன்றாவதாக ஒருவன் வீட்டில் தவழ்ந்துகொண்டிருக்கிறான்.

பிச்சாட்டூருக்கு ஓடினேன், உன் தங்கச்சியைக் கேட்க.

"அண்ணனுக்கு முன்னாடி பொறந்தது ஒண்ணும் நிக்கலம்மா" என்றாள் அத்தை. "அதான் அண்ணன மொறத்துல போட்டு குப்பமேட்டுல இஸ்துக்கினு போயி, மூக்கு குத்தி, குப்பன்னு பேர் வெச்சாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மொத தபா கூப்ட்டா திரும்பக் கூடாதுன்னு சொல்லி வளத்தாங்க. செத்ததுங்க ஒரு தபாதான் கூப்புடும். ரெண்டாந்தபா கூப்புட்றதுதான் மனுசங்க."

"அதுங்க எதுக்கு அத்தே கூப்புடணும்?"

"ஆசைதான். ஒண்டியா கீதுங்க இல்ல?"

ஆசை என்றதும் உன் முகம்தான் வந்தது. பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ளாமல் போகிறேனே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அந்த முகம்.

இதை எப்படிச் சொல்வேன் உன்னிடம்? என் முதல் இரண்டும் காய்ச்சலில் விழுவதற்கு முன், ஆளுக்கொரு மத்தியானம் வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தன. வாசலில் யாரும் இல்லை. நேற்று இவனும் திரும்பினான். நல்ல வெயில், கதவு திறந்து கிடந்தது. தூக்கிக்கொள் என்பதுபோல் இரண்டு கையையும் நீட்டினான். லேசாக, நீ பிடிக்கிற பீடி வாசனை வந்தது. அது பக்கத்து வீட்டுக்காரர் பீடியாக இருக்கட்டும் என்று ஏழுமலையானை வேண்டிக்கொண்டேன்.

இன்று காலையே அவனை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் இழுத்தேன். குப்பன் என்று பெயர் வைத்தேன். "இந்தக் காலத்துல குப்பனா? ஸ்கூல்ல சிரிப்பாங்கடி" என்று உன் மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "சிரிக்கட்டும். ஸ்கூலுக்குப் போற வரைக்கும் இருந்தா போதும்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்குக் குத்த ஆசாரியைக் கூட்டிவரப் போனார்.

நான் ஒருமுறை கூப்பிட்டு அவன் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மறுமுறை கூப்பிட்டுத் திரும்பினால்தான் தூக்குகிறேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுகிறான், பாவம். ஆனாலும் விடப்போவதில்லை.

உன் கதை எல்லாம் அவனுக்குச் சொல்வேன், நைனா. உன் போட்டோவுக்கு அவன் கையால்தான் பூ வைப்பேன். ஆனால் நீ கூப்பிட்டால் அவன் திரும்பமாட்டான். அப்படித்தான் வளர்ப்பேன், இது சத்தியம். கோபித்துக்கொள்ளாதே. ஆசை தாங்கவில்லை என்றால் ஒருமுறை கூப்பிட்டுக்கொள்.

இரண்டாவது முறை மட்டும் கூப்பிட்டுவிடாதே.

குப்பனின் மகள்,
குப்பனின் அம்மா.