வள்ளிக்கு உதடு தைத்த வாரம்

ஆவணி 9, புதன்
காலையிலிருந்து தூறல். கரியில் ஓடும் பஸ் பூந்தமல்லியில் நின்று, வழியெல்லாம் பட்டாள லாரிகளுக்கு ஒதுங்கி, பட்டணம் சேரவே உச்சிவேளை. டாக்டர் வள்ளியின் வாயை விளக்கு வைத்துப் பார்த்தார். பிளந்த உதட்டை இப்போதே தைக்கலாமாம். அண்ணம் பிறகு. "திங்கட்கிழமை கொண்டுவந்து சேருங்கள்."

பெண்கள் வார்டு என்று வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்ததும் கேட்டார்.

"இன்னா சொன்னாங்கோ?"

"உடம்பு தேறணுமாம். தை மாசம் வரச் சொன்னாங்கோ."

வாயைத் திறக்கும்வரை இதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. சரி என்று கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார்.

ஆவணி 10, வியாழன்
நெல் அவித்தேன். சீமெண்ணெய் இந்த வாரமும் இல்லை. மத்தியானம் ரசஞ்சாதம் வள்ளிக்கு மூக்கில் ஏறி, கண் சிவந்து, அழாமல் தானே துடைத்துக்கொண்டாள். இரண்டு வயதில் இந்தப் பழக்கம்.

பெற்றவள் என் நாத்தனார் ரங்கம். குத்தம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். கிரகண தோஷம் என்று மாமியார் குழந்தையைப் புறக்கடையில் போட்டுவைத்திருந்தாள். பிள்ளையில்லாத நான், தீட்டுக் கழியுமுன் போய்த் தூக்கிவந்தேன். பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால். அன்றிலிருந்து யாரும் திரும்பக் கேட்கவில்லை.

கேட்கமாட்டார்கள், இந்த உதடு இப்படி இருக்கும்வரை. நேற்றுத் தை மாசம் என்று என் வாயில் வந்தது அதனால்தான்.

ஆவணி 12, சனி
மோர்க்காரி வந்தாள். வள்ளி ஓடிவந்து என் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"யாரு இதுக்கு இப்டிக் கத்துக் குட்த்தது?" என்றாள் மோர்க்காரி.

நான்தான். வேறு யார்.

ஆவணி 13, ஞாயிறு
ரங்கம் வந்தாள், மடி நிறைய முருங்கைக்கீரை.

"அண்ணி, ஆஸ்பத்திரி போனீங்களாமே. இன்னா சொன்னாங்கோ?"

"தை மாசம்."

கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "எங்க மாமியாரு கேட்டுகினே கீது. வாய் சரியாப் பூட்ச்சின்னா இட்டாந்துடுன்னு."

"நீ இன்னா சொன்னே?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல." ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளினாள். பிறகு, "சோறு மூக்குல ஏறுனா அதுக்கு எரியாதா அண்ணி?"

காம்புகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தேன்.

அவள் போனதும் இவரிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது நாளைக்கு, தை என்றது நான். சாதம் பிசைந்த கை நின்றது.

"காலைல மொத பஸ்ஸு. துணி எட்து வை."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

எடுத்துப்போக: பாலாடை, பழந்துணி, சுக்கு, மரப்பாச்சி.

ஆவணி 16, புதன்
தைத்தாயிற்று. தையலைப் பிய்த்துக்கொள்ளாமலிருக்க இரண்டு கைக்கும் அட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். முகம் வீங்கி வேறு யார் குழந்தையோ போல. வீக்கம் வடிந்தால் லட்சணமாக இருப்பாள் என்றாள் நர்ஸம்மா. சந்தோஷம் வரவில்லை, பயந்தான் வந்தது. கட்டிய கைகளைத் தூக்கி என்னிடம் காட்டிக்கொண்டே இருக்கிறாள்.

ஆவணி 17, வியாழன்
ரங்கம் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள், அண்ணன் சொல்லித் தெரிந்ததாம். தனியாக, வீட்டில் சொல்லாமல். வள்ளியை மடியில் வாங்கிக்கொண்டாள். அழுகை நின்றது. நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மணி அடித்ததும் நர்ஸம்மா வந்தாள். "ஒருத்தர்தான் தங்கலாம். இதுல தாயார் யாரு?"

நான் ரங்கத்தின் மடியைப் பார்த்தேன். அவள் எழுந்து குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"இவங்கதான்."

போகும்போது வள்ளியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் கைக்கட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.