உன் எஞ்சின் கோட்டைத் தாண்டிவிட்டது, அக்கா

கிரீஸ் வாசனை போகாத கையால் எனக்கு ஜடை பின்னிவிட்ட என் செல்ல அக்காவுக்கு,

உன் எஞ்சின் ஓடிவிட்டது. சுற்றி வளைக்காமல் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுத் தூரமும் ஓடியது. திரும்பி வந்து மறுபடியும் ஓடியது.

இந்தக் கடிதத்தைப் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்ததைக்கூட அங்கங்கே விளக்கிச் சொல்வேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்காக. சிரிக்காதே.

போன வருடம், ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயம் நினைவிருக்கிறதா? பெங்களூர் சிவாஜிநகரில், பழைய சாமான் விற்கும் குஜிரிக் கடையில், இரும்புக் குவியலுக்குள் தேடி எடுத்த டர்போவை நம் வெள்ளைக் காரில் நீயே பொருத்தியிருந்தாய். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் காற்றாடி. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், பலமும் கூடும். நம் கார் அன்று சீறிக்கொண்டுதான் கிளம்பியது. பாதித் தூரத்தில் டமார் என்றது. ஒரே புகை.

வேலி ஓரத்தில் நின்ற ஒருவர், "பொம்பளப் புள்ள கட்டின எஞ்சின், பொங்கல் வெச்சிடுச்சி பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எப்படி அக்கா உன்னால் சிரிக்க முடிந்தது?

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது நான்கு பிஸ்டன்களில் ஒன்று உடைந்திருந்தது. அதைத் தாங்கும் ராடு வளைந்திருந்தது. "டர்போ மேல தப்பில்லடி. உள்ள இருக்கிற சாமான்தான் வீக்" என்றாய். அதைச் சரிசெய்ய உனக்கு நேரம் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் உனக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

துக்கம் கேட்க ஜீவனஹள்ளியில் நம் வீட்டுக்கு வந்தவர்கள்கூட, "சின்னக் கார்ல போய் டர்போ வெச்சது தப்புங்க" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா மறுத்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நீ போய்விட்டாய். நீ நினைத்ததும் தப்பு என்று முடிந்துபோகலாமா?

அப்பா காரை விற்றுவிடலாம் என்றார். நான் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில், "சரி, உடைஞ்ச பிஸ்டனையும் அந்த ராடையும் மாத்திப் பாப்போம், போதுமா?" என்றார்.

"மத்த மூணும் அதே மாதிரி சாமான்தானப்பா? ஏதோ பொழச்சிக் கெடக்குது, அவ்வளவுதான்."

அப்பா அடுத்த வாரமே கோயம்புத்தூருக்குச் சொல்லி நான்கு பிஸ்டன்களையும் வரவழைத்தார். எல்லாம் ஃபோர்ஜ்டு. சாதாரண பிஸ்டன் உருக்கி ஊற்றி வார்த்தது. அச்சு வெல்லம் மாதிரி, ஓங்கித் தட்டினால் பொட்டென்று உடையும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் பெரிய அழுத்தத்தில் அடித்து இறுக்கியது. டர்போ கொடுக்கும் அடியைத் தாங்கும்.

ராடுக்குத்தான் சண்டை. "ரேஸ் எஞ்சினுக்கு உள்ள பாரம் ஏறக்கூடாதும்மா" என்று அப்பா கடையில் இலேசான ராடைக் கையில் எடுத்தார். "லேசா இருந்தா வேகமா சுத்தும்ப்பா. ஆனா மேலேருந்து வர்ற தள்ளு தாங்கணுமே?" என்றேன். வளைந்த ராடை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பீன்யா தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறினார். நீ வேலை பார்த்த பட்டறையில், "நம்ம செல்வி காருக்கா? குடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று கனமான ஸ்டீலில் நான்கு ராடுகளைக் கடைந்து, ஒரே எடைக்குத் தேய்த்துக் கொடுத்தார்கள்.

சிலிண்டர் போரிங், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் துளையைக் கடைவது, நம் அன்வர் பாய் பட்டறையில். பிஸ்டன் பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. யாரும் தொடாததால் நான் படித்தேன். இந்த வகை பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், சிலிண்டர் சுவருக்கும் அதற்கும் நடுவே வழக்கத்தைவிடக் கூடுதலாக இடைவெளி விட வேண்டும் என்று போட்டிருந்தது. அன்வர் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்திலும் என்னை 'பேட்டி', அதாவது மகளே, என்றுதான் கூப்பிட்டார்.

"அரே பேட்டி, என் போரிங்ல பிஸ்டன் டைட்டா எறங்கும்னு பெங்களூரே சொல்லுது. லூஸா விட்டா எஞ்சின் சத்தம் போடும். என் பேரு போயிடும்."

"டைட்டா விட்டா சூட்டுல ஜாம் ஆயிடும் பாய். எங்க அக்கா பேரு போயிடும்."

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி, அதில் இருந்தபடியே கடைந்து கொடுத்தார்.

முதன்முதலில் ஸ்டார்ட் செய்த காலையில் எஞ்சின் டக்டக்டக் என்று தகர டப்பாவில் கல் போட்ட மாதிரி கத்தியது. "நான் சொன்னேன்ல! ஆஃப் பண்ணுய்யா, ஆஃப் பண்ணு!" என்று அன்வர் பாய் தலையில் கை வைத்தார். அப்பாவின் கை சாவிக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "சூடாகட்டும்ப்பா. பிஸ்டன் இன்னும் விரியல."

தாளில் படித்ததுதான். இருந்தாலும், அது தப்பாக இருந்தால்?

வெப்ப முள் மெல்ல ஏறியது. டக்டக் குறைந்தது. பிறகு காணவே காணோம். அன்வர் பாய் பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, "மாஷா அல்லா, பூனை மாதிரி இருக்கு" என்றார். அப்பா அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.

போன ஞாயிறு, அதே ஓடுதளம். டர்போவின் அழுத்தத்தை நீ வைத்த அளவிலேயே வைக்கச் சொன்னேன், ஒரு துளி குறைக்காமல். ஓட்டியது அப்பா. போன வருடம் எஞ்சின் உடைந்த இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது! இரண்டாவது ஓட்டத்தில் நம் பிரிவிலேயே முதலிடம்.

மைக்காரர் ஓடி வந்து, "சூப்பர் சார்! எஞ்சின் யார் கட்டினது?" என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். நான் மைக்கை வாங்கி, "எங்க அக்கா செல்வி" என்றேன்.

"அவங்க எங்க? கூப்புடுங்க, கை தட்டலாம்!"

நான் காரைக் கைகாட்டினேன். அப்பா போய் பானெட்டைத் திறந்து வைத்தார். கூட்டம் வந்து எட்டிப் பார்த்தது. பிறகு கைதட்டல், அக்கா. அவ்வளவு கைதட்டல்.

இன்னொரு செய்தி. மூன்றாவது ஓட்டத்தில் கிளட்ச் கருகிவிட்டது. எஞ்சினின் பலத்தை அதனால் தாங்க முடியவில்லையாம். அப்பா அந்த நாற்றத்தை முகர்ந்துகொண்டே, "எம் பொண்ணு எஞ்சினுக்கு இந்தக் கிளட்ச்சு எம்மாத்திரம்!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார்.

பத்தாவது முடித்ததும் மெக்கானிக்கல் டிப்ளமோ சேரப்போகிறேன். அப்பா சம்மதித்துவிட்டார். நான் உனக்குத் தரும் வாக்கு இது: எங்கே எந்த எஞ்சின் நொறுங்கினாலும், கட்டியது யார் என்று கேட்க மாட்டேன். எது உடைந்தது என்று பார்த்து, அதைவிட உறுதியானதை அந்த இடத்தில் வைப்பேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
அனிதா