திரும்பி நிற்கச் சொல்

வட்டவளை,
வியாழக்கிழமை மாலை.

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என நம்புகிறேன் என்று எப்போதும் எழுதும் அடுத்த வரியை இந்த முறை எழுதக் கை வரவில்லை. நீ சுகமாக இல்லை என்று உன் கடிதமே சொல்கிறது.

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. தோட்டக் கந்தோரில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. வெளிநாட்டு முத்திரையைப் பார்த்த கிளாக்கர், யாரோ தோட்டத்துத் துரைக்கு எழுதியது என்று நினைத்துத் துரையின் மேசையில் வைத்துவிட்டாராம். அப்பா போய் வாங்கி வந்தார். கந்தோரில் சிரித்துப் பேசிவிட்டுப் புறப்பட்டவர், என் கையில் கொடுக்கும்போது சிரிக்கவில்லை. வழியிலேயே பிரித்து வாசித்திருக்கிறார்.

நானும் பல தடவை வாசித்துவிட்டேன். அந்தப் பாலைவனத்தில் காலையிலேயே மணல் சுடுவது, தலைக்கவசத்துக்குள் வியர்வை காய்ந்து உப்பாக உதிர்வது, நரம்பில் ஏற்றும் சேலைன் பை தேநீர் மாதிரிச் சூடாகிவிடும் என்று அதற்கு ஈரத்துணி சுற்றி நிழலில் வைப்பது, எல்லாம் கண் முன்னே தெரிகிறது. ஓடும் வண்டிக்குள் ஒருவனுடைய கையில் ஊசி ஏற்றப் பழகிவிட்டேன் என்று எழுதிய இடத்தில் உன் கையெழுத்தே நிமிர்ந்து நின்றது. ஊசி போட வருகிறார்கள் என்றால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்த பிள்ளை நீ. அந்தப் பகுதியை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "யாரு, நம்ம ஜெசியா?" என்று கேட்டார்.

அடுத்த பக்கத்தில்தான் நீ விழுந்த கதை இருந்தது. தூக்குக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அப்படியே மடங்கி விழுந்தாயாம். காயம்பட்டவனாக நடித்துக் கட்டிலில் படுத்திருந்த பையன் எழுந்து, உன்னை அதில் கிடத்தினானாம். எல்லோரும் சிரித்தார்கள் என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் தாங்கவில்லை என்று பயிற்சியாளரிடம் சொல்லியிருக்கிறாய். இன்னொரு தரம் இப்படி நடந்தால் படையின் மருத்துவ உதவியாளர் பயிற்சியிலிருந்து உன்னை எடுத்து, இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் கடைசிப் பயிற்சி. அதைத் தாண்டினால்தான் நீ ஆசைப்பட்ட வேலை.

உண்மையை எனக்கு மட்டும் எழுதினாய். அது வெயிலால் வந்த மயக்கம் மட்டும் இல்லை. நீ தண்ணீர் குடிக்கவில்லை. உன் வண்டியில் நீ ஒருத்திதான் பெண். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு செடிகூட இல்லாத வெளியில், அத்தனை ஆண்களுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய். காலையில் சிறுநீரின் நிறம் காட்டும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உன்னுடையது எது, உன்னுடையது எது என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது உன் வேலை. உன் முறை வரும்போது மட்டும், நன்றாகத் தண்ணீர் குடித்தவர்களின் வெளிர் மஞ்சளைத் தொட்டுக் காட்டிவிடுகிறாய்.

கடைசியில் ஒரு கேள்வி. நம் மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் நாள் முழுவதும் எப்படித் தாங்குகிறார்கள், பெரியம்மாவிடம் கேட்டு எழுதுங்கள் என்று.

கேட்காமலே நான் பதில் எழுதலாம். "தண்ணி கொஞ்சமா குடி, அங்க எடமில்ல." இந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பெண்பிள்ளைக்குத் தாய் சொல்லி அனுப்புவது அதுதான். எனக்கும் சொன்னார்கள், நானும் உனக்குச் சொன்னேன். இத்தனை வருடம் ஆசிரியையாக இருந்தபின்னும், கடைசி மணி அடித்ததும் வீட்டுக்கு நான் நடக்கிற வேகத்தைப் பார்த்து அப்பா சிரிப்பார். ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். சனிக்கிழமை மலைக்குப் போய்ப் பெரியம்மாவிடம் கேட்டு, மிச்சத்தை எழுதுகிறேன்.

இங்கே மழை விடவே இல்லை. துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் நடந்து போனால் புகை வாசனை முன்னால் போகிறதாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்கிறார்கள். கோயிலுக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்திருக்கிறார். நல்ல மனிதர், பாட்டுத்தான் வராது. ஆனால் பாடாமல் விடமாட்டார். பூசை முடிந்து வெளியே வரும்போது உன்னைப் பற்றிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, "இங்கிலாந்துல ஆஸ்பத்திரி வேலை, ஃபாதர்" என்று சொல்லிவிட்டார். ஆமி என்ற சொல் இன்னும் அவர் வாயில் வருவதில்லை. இளம் வயதில், யுத்த காலத்தில், ஆமிக்காரர்களால் ரோட்டில் இறக்கி வரிசையில் நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு சுலபத்தில் வராது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யப் போன பிள்ளை அங்கேயே படையில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று அவர் சாப்பிடாமல் படுத்தது உனக்குத் தெரியாது. ஆனால் நீ அனுப்பிய படத்தைத் தான் ஓட்டும் வானின் முன்கண்ணாடிக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார். தொப்பி தெரியாதபடி கொஞ்சம் மடித்து.

சனிக்கிழமை.

போய் வந்தேன். கால் முழுக்க அட்டைக்கடி.

பெரியம்மாவும் மற்றவர்களும் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மழைக்கு மடுவத்துக் கூரைக்குக் கீழே ஒதுங்கியிருந்தார்கள். பெரியம்மா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து உன் கேள்வியை மெதுவாகச் சொன்னேன். அவர் மலை முழுக்கக் கேட்கும்படி அதைத் திருப்பிச் சொன்னார்.

"ஏய், கேட்டீங்களாடி? நம்ம ஜெசிக்கு ஒன்னுக்கு அடக்கத் தெரியலையாம். அம்புட்டுத் தூரம் போயி, நம்மகிட்ட பாடம் கேக்குது."

சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டால் தாகம் தெரியாது என்றார் ஒருவர். பிளேன்டீயைப் பாதி கோப்பையோடு நிறுத்தச் சொல், இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல் என்று இன்னொரு அக்கா. "அங்க வெத்தலை எங்க கெடைக்கும்? சுவிங்கம் மெல்லச் சொல்லு" என்று பெரியம்மா. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒவ்வொன்றையும் உனக்கு எழுதுவதற்காக மனதில் வைத்துக்கொண்டேன்.

அப்போது சுலக்ஷனா, "டீச்சர், நெசமாவே இதெல்லாம் பாப்பாவுக்கு எழுதப் போறீங்களா?" என்று கேட்டாள். நம் லயத்து வரிசையில் கோடிவீட்டு மருமகள்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்து வந்தவள். சிறுநீரில் இரத்தம் போய், காய்ச்சல் கண்டு, மலையிலேயே முதுகைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

"வாட்டுல டொக்டரம்மா வந்து, வத்துர பொன்னே நெத்தன்னு சிங்களத்துல கேட்டாங்க. தண்ணி குடிக்கிறதில்லையான்னு. நல்லா குடிக்கிறேன் மிஸ்ஸின்னு சொல்லிட்டேன். சுத்தி அத்தனை பேரு. மலையில போக எடமில்லைன்னு எப்படி டீச்சர் சொல்றது? அவங்க வேற என்னென்னமோ நோவத் தேடுனாங்க. நா வாயத் தொறக்கல."

பெரியம்மா மிச்ச ரொட்டியை மடித்து வைத்துவிட்டு, தனக்கும் விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் குத்துகிறது என்றார். எவ்வளவு நாளாக அக்கா என்று கேட்டேன். "இருக்கு" என்று மட்டும் சொன்னார். வரும் வெள்ளிக்கிழமை அப்பாவின் வானில் அவரை டொக்டரிடம் காட்டக் கூட்டிப்போகிறேன். வரமாட்டேன் என்றுதான் சொல்கிறார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே லோஜினி என்று ஒரு பெண் இருந்தாள். தோட்ட வேலைக்குப் புதிதாகப் பேர் பதிந்தவள், உன் வயதுதான் இருக்கும். "நான்லாம் கேட்டுருவேன்" என்றாள். எப்படியடி என்றேன்.

"வேல வாங்குற கண்டாக்குகிட்ட, ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கன்னு நேரா சொல்லிருவேன் டீச்சர். யாராச்சும் ஒரு அக்கா இடுப்புல கட்டுற படங்க விரிச்சுப் புடிச்சுக்குவாங்க, அம்புட்டுத்தான். மொத நாளு அந்தாளு மொகம் செவந்து போச்சி. இப்ப நா போத்தலத் தொறந்தாலே அவராப் போயி தள்ளி நின்னுக்குறாரு."

"வெக்கங்கெட்டவ" என்று யாரோ சொன்னார்கள்.

"வெக்கங்கெட்டவளுக்குத்தாண்டி கிட்னி நல்லா இருக்கு" என்றார் பெரியம்மா.

நான் புறப்பட்டபோது மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது. மேட்டில் லோஜினி தன் இடுப்புப் படங்கை அவிழ்த்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பின்னால் சுலக்ஷனா. வேலையை மேற்பார்வையிட வந்த கண்டாக்கு, மறுபக்கம் இருந்த மொட்டைப் பாறையை ஏதோ அதிசயம் போலப் பார்த்தபடி, குடையை மறந்து நனைந்துகொண்டிருந்தார். இறங்கி வருகிற வழியெல்லாம் எனக்கு அதே நினைவு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து கேட்டார். மடு மாதா கோயிலுக்கு யாத்திரைப் பயணம் போகும்போது, பெண்கள் யாரும் கேட்காமலேயே அவர் பெட்ரோல் செட்டுகளில் வானை நிறுத்துவாராம். "கேக்க மாட்டாங்க டெல்சி. டிரைவர்தான் டீ குடிக்கப் போற மாதிரி எறங்கணும்" என்றார். இத்தனை வருடத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. பிறகு, "அவ வண்டியில அப்படி ஒருத்தனும் இல்லையா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? இருக்கலாம். ஆனால் கேட்காத ஒன்றை அவர்கள் எப்படி அறிவார்கள்? அவர்களுக்கு நீ வெயில் தாங்காதவள், அவ்வளவுதான்.

"ஏலாட்டி வந்துரச் சொல்லு. இங்க உள்ளவங்களுக்கு மருந்து கட்டட்டும்." இதையும் அப்பாதான் சொன்னார். எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

மகளே, நீ கேட்ட பாடத்தை நான் உனக்கு அனுப்பப் போவதில்லை. வெற்றிலை, கயிறு, பாதிக் கோப்பை எதையும் கணக்கில் எடுக்காதே. இங்கே குளிரிலும் மழையிலுமே அது பெண்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. அங்கே உன்னை என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அதைப் படித்தவள் நீ.

பயிற்சியாளரிடம் போய் உள்ளதைச் சொல். வெயில் இல்லை, தண்ணீர் குடிக்காமல் இருந்தேன், இதற்காகத்தான் குடிக்கவில்லை என்று சொல். வண்டியை நிறுத்த வேண்டும், எல்லோரும் திரும்பி நிற்க வேண்டும், மழைக்கோட்டோ போர்வையோ ஒன்றை யாராவது பிடிக்க வேண்டும் என்று கேள். இதைச் சொன்னால் பெண் என்று ஒதுக்கிவிடுவார்களோ, அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறாய். அனுப்பினாலும் அனுப்பட்டும் என்று எழுத எனக்கு ஆசைதான். உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டால் நல்லது என்று நினைக்கிற ஒருத்தி எனக்குள் இருக்கிறாள், ஜெசி. நேற்று இரவு ஜெபத்தில் அவள்தான் முந்திக்கொண்டாள். ஆனால் ஊசி ஏற்றியதை எழுதிய அந்தக் கையெழுத்தை நானும் பார்த்தேன். அதற்குக் குறுக்கே நிற்க என்னால் ஆகாது. நீ அந்த வேலையைச் செய். தண்ணீர் குடித்துச் செய்.

இன்னொன்றும் யோசித்துப் பார். நாளை உன் படையில் இன்னொரு பெண் விழுவாள். அவளும் வெயில் என்றுதான் சொல்வாள். டொக்டரம்மா சுலக்ஷனாவிடம் ஏமாந்த மாதிரி மற்றவர்கள் ஏமாந்துபோவார்கள். உனக்குத் தெரியும். எந்தக் கேள்வியை, யாரும் இல்லாத இடத்தில், எப்படி மெதுவாகக் கேட்க வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும்.

மாதக் கடைசிக்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டுமே என்றுதான் கவலை. போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள் என்கிறாய். அப்பா திங்கள் காலையிலேயே ஹட்டன் தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்த் துரிதத் தபாலில் போடுகிறேன் என்கிறார். மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, இன்னும் முடியவில்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். உனக்கு ஏதாவது எழுதவா என்று கேட்டேன். "அவளுக்குத் தெரியும்" என்கிறார்.

வாசித்து முடித்ததும் ஒரு போத்தல் தண்ணீர் குடி. நாக்கை நனைப்பது இல்லை, குடி. பிறகு எழுந்து போய்ச் சொல். நீ பேசப் போகும் அந்த நேரத்தில் மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும், உன் குரல் நடுங்காமல் இருக்கட்டும். நடுங்கினால் நடுங்கட்டும், கேட்டுவிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
டெல்சி