ஷைனிக்குப் பல் விழுந்தது

29-5-1997, வியாழன்

எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளின் இல்லத்தில் நான்கு மாதம் இருந்து உடம்பு தேறிய என் மகள் ஷைனியை இன்று கூட்டி வந்தேன். பெரியம்மா வீட்டில் நின்றாள் என்பது ஊருக்கு நான் சொன்ன கதை. திங்களன்று பள்ளிக்கூடம். விஷயம் தெரிந்தால் சேர்க்கமாட்டார்கள்.

வெள்ளறடை பஸ்ஸில் பக்கத்து வீட்டு ராஜம்மாக்காவும் இருந்தார். முறுக்கு கடித்ததில் ஷைனியின் ஆடின பல் விழுந்து வாயெல்லாம் ரத்தம். துடைக்க அக்கா சேலைத்தலைப்பை நீட்டவும், "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். ரகசியம் காக்க என்னைப் போல் ஆள் கிடைக்காது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எலே, நாலு பிள்ளைக்குப் பல்லு பிடுங்கினவளாக்கும் நான். எனக்க கிட்டயா சாடுதே?"

ஷைனி கைக்குட்டையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். "நானே தொடச்சுக்கிடுவேன் மாமி. சிஸ்டர் படிப்பிச்சு தந்திருக்காவ."

"எந்த சிஸ்டரு மக்கா?"

நல்லவேளை, எங்கள் நிறுத்தம் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குதித்தவன், பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். இல்லத்தின் பெயர் போட்ட மருந்துச் சீட்டு அதில்தான்.

சாயங்காலம் அக்காவே பையைக் கொண்டுவந்தார். எப்போதும் அடுக்களை வரை வருகிறவர், வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். சீட்டு மடித்தபடியே இருக்கிறது; வாசித்தாரோ என்னவோ. நான் கத்தினதற்கு வந்த கோபமாகவே இருக்கட்டும், கர்த்தாவே. கோபம் என்றால் நாளை காலில் விழுந்துவிடுவேன்.