எண் நாற்பத்தொன்று

நாசரேத்
8 ஜூலை 2022

அன்புள்ள கமலினி,

ஆண்டவர் கிருபையால் இருக்கிறோம். என் மாமனார் கிருபாநிதி போய் நாற்பது நாளாயிற்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபது வருஷம் மணலைப் பீய்ச்சியடித்துக் கப்பல்களின் துரு எடுத்தவர். நெஞ்சு முழுக்கத் தூசி. கடைசியில் விரல்களும் மடங்கிவிட்டன.

தூசி சிலருடைய உடம்பைத் தன் மூட்டுகளையே தாக்க வைக்கிறது, அந்தச் சிலர் யார் என்று ரத்தத்தில் தேடுகிறோம் என்றாய். உன் ஆய்வுக்காகத்தான் சாகுமுன் மாமாவும், கூடவே என் வீட்டுக்காரர் பெனிஸ்டனும் ரத்தம் கொடுத்தார்கள். இவருடைய குழாயில் ஒட்டியிருந்த எண் நாற்பத்தொன்று.

இவருக்கும் நான்கு வருஷமாக அதே வேலை. இப்போது தூசி வெளியேற வழியில்லாத கப்பல் டாங்கிக்குள் இறங்கி அடிக்கக் கூப்பிடுகிறார்கள். "ஏளா, ஒன் சிநேகிதிட்ட கேளு, நாப்பத்தொண்ணு பாஸா பெயிலான்னு. பெயிலுன்னா இங்கன பெயின்ட் கடையில நின்னுக்கிடுதேன்" என்கிறார்.

போனில் கேட்கத் தைரியமில்லை. எழுது.

உன் ஷெர்லி

*

ஐதராபாத்
2 செப்டம்பர் 2022

அன்பு ஷெர்லி,

மாமாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தனி ஆளின் பரிசோதனை முடிவை யாருக்கும் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை. எண்ணை நீ எழுதியிருக்கவே கூடாது. பொதுவாகச் சொல்கிறேன்: அந்தத் தூசி எவருக்கும் கெடுதல்தான். தென்திருப்பேரையிலிருந்து அம்மா உன்னை விசாரித்தாள்.

கமலினி

*

நாசரேத்
20 செப்டம்பர் 2022

அன்புள்ள கமலினி,

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "சட்டம் பேசுதா. பெயிலுன்னா இந்நேரம் பஸ் ஏறி வந்திருப்பாளே. நம்ம கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி வந்து பந்திக்கு எலை போட்டவ" என்று சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. திங்கட்கிழமை டாங்கி வேலையில் சேருகிறார். நாங்கள் நினைப்பது தப்பென்றால் அதற்குள் ஒரு வரி போடு.

ஷெர்லி

*

ஐதராபாத்
11 மார்ச் 2025

ஷெர்லி,

பெனிஸ்டனின் எக்ஸ்ரேயைப் பற்றியும் விரல்களைப் பற்றியும் அம்மா சொன்னாள்.

நாற்பத்தொன்றை நான் அன்றே பார்த்திருந்தேன். மாமாவிடம் இருந்தது அவரிடமும் இருந்தது. இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குப் பதில் எழுதி மூன்று முறை கிழித்தேன். திங்கட்கிழமை கடந்ததும், இனி எழுதி என்ன என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று கேட்க வெட்கமாக இருக்கிறது. நோய்க்கு முன் எடுத்த ரத்தமும் பின் எடுத்த ரத்தமும் ஒரே ஆளிடமிருந்து எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. அவரிடம் இன்னொரு முறை எடுத்தால், அவரைப் போன்ற பலருக்கு உதவும். சம்மதிப்பாரா?

கமலினி

*

நாசரேத்
2 ஏப்ரல் 2025

ஆய்வாளர் கமலினி அவர்களுக்கு,

எண் நாற்பத்தொன்றின் ரத்தத்தை ஆய்விலிருந்து நீக்கி அழித்துவிடவும். கிருபாநிதி அவர்களுடையதையும் அப்படியே செய்யவும். காரணம் எழுத வேண்டியதில்லை என்று ரத்தம் எடுத்தபோதே உங்கள் ஆட்கள் சொன்னார்கள்.

என் கணவருக்குப் பேனா பிடிக்க வராததால் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். விரலை விரித்துப் பிடித்தது நான். சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான்.

இப்படிக்கு,
ஷெர்லி பெனிஸ்டன்