கிள்ளினால் பூசணி, விட்டால் கடுகு

மார்ச் 9, சனி. சித்தூர்.

இன்று திருப்பதியில் அக்காவின் ஆய்வகத்துக்குப் போனேன். கண்ணாடித் துண்டுக்குள் முடியளவு கால்வாய். அதில் வரும் தண்ணீரை இரண்டு பக்கமும் எண்ணெய் நெருக்கித் துளித்துளியாக நறுக்குகிறது. எல்லாம் ஒரே அளவு. எங்கள் பள்ளி பிரேயரில்கூட அப்படி வரிசை நிற்காது.

"எதையும் தொடாம பாத்துக்கினு இருடா. இந்த வீடியோ நாளைக்கு ஜெர்மனிக்குப் போவணும். துளி சமமா வந்தாதான் அங்க எனக்கு சீட்டு," என்றாள்.

அவள் கம்ப்யூட்டர் திரைப் பக்கம் திரும்பியதும் எண்ணெய்க் குழாயைக் கிள்ளினேன். மாந்தோப்பில் ஓஸ் பைப்பை மடக்கி அவளை ஏமாற்றுவேனே, அதே விளையாட்டு. கிள்ளினால் துளி பூசணி, விட்டால் கடுகு.

"ஐயோ, பம்ப்பு போச்சுடா!"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவள் மறுபடி ஓட்டினாள். நான் மறுபடி கிள்ளினேன்.

பம்ப்பைப் பிரித்துப் போட்டு இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாளாம். நைனா சொன்னார். முதல் தடவை விளையாட்டு, சரி. இரண்டாவது தடவை எதற்கு? ஜெர்மனி என்று அவள் சொன்னபோது...

போன் கூடத்தில் இருக்கிறது. எழுதி முடித்தால் எழுந்து போய் அக்காவிடம் பேச வேண்டும். அதனால்தான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.